பாடுவதற்கு முன் கேட்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளை எந்த வயதில் பாட்டு வகுப்பில் சேர்க்கலாம் என்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வாத்தியம் எளிது, தினமும் எவ்வளவு நேரம் சாதகம் செய்ய வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொன்ன அக்கட்டுரையில், இசையைக் கேட்பதற்குப் பிள்ளைக்கு யார் கற்றுத்தருவது என்ற பேச்சே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருபவள் நான். இந்தக் குறை கட்டுரையாளருக்கு மட்டும் உரியதன்று, என்னையும் சேர்த்து எங்கள் தொழிலில் இருக்கும் பலருக்கும் உரியது என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

வகுப்புக்கு வரும் பிள்ளை முதல் நாளே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற முதல் சுரப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறது. நாங்கள் பாடுவதை அது திருப்பிப் பாடுகிறது. சுருதி விலகினால் திருத்துகிறோம். வரிசைகள், அலங்காரம், கீதம், வர்ணம் என்று நான்கைந்து ஆண்டுகளில் ஏறிவிடுகிற அதே பிள்ளையை ஒரு கச்சேரியில் உட்காரவைத்துப் பாருங்கள். தனக்குப் பாடமான கீர்த்தனை வந்தால் முகம் மலரும், மற்ற நேரமெல்லாம் நெளியும். தொண்டைக்குப் பயிற்சி தந்த நாங்கள் காதை அதன் போக்கில் விட்டுவிட்டோம் என்பது எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் யாரும் பாடுவதில்லை. தம்புராவை மட்டும் மீட்டுவேன். நான்கு தந்திகள்: பஞ்சமம் (ப), இரண்டு சட்ஜம் (ச), கடைசியாகக் கீழ் சட்ஜம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சில நாள்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குள்ள இன்னொருத்தர் பாடுறாங்க, மிஸ்" என்றாள். அவள் சொன்னது உண்மை. கீழ் சட்ஜத் தந்தி முழு நீளத்துக்கு அதிரும்போதே இரண்டாக, மூன்றாக, ஐந்தாகவும் பகுந்து அதிர்கிறது. அந்த ஐந்தாம் பகுப்பின் ஒலிதான் அந்தர காந்தாரம் என்ற 'க' சுரமாகக் காதில் விழுகிறது. யாரும் மீட்டாமல் தானே தோன்றுவதால் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகியிருக்கும் நூலைச் சற்றே நகர்த்தி அமைத்தால் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். அவளுக்கு நான் இந்தக் கணக்கு எதையும் சொல்லவில்லை. நூலை நகர்த்தி, "இப்போ?" என்று மட்டும் கேட்டேன். கையை உயர்த்தி, அந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று காற்றில் காட்டினாள்.

ராகத்தையும் இப்படிக் காதுக்கே விட்டுவிடலாம் என்பது என் அனுபவம். மோகன ராகத்தில் ஐந்து சுரங்களை ஏறி இறங்கிப் பாடிக்காட்டுகிறேன். பிறகு காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கி, அந்தர காந்தாரத்துக்குப் பதில் சாதாரண காந்தாரம் வைத்துப் பாடுகிறேன், அது சிவரஞ்சனி. மற்ற நான்கு சுரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ராகத்தின் பெயர் எதுவும் தெரியாத பிள்ளைகள்கூட அந்த இடத்தில் சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். "சோகமா இருக்கா?" என்று நாமே எடுத்துக்கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். எந்த இடத்தில் மாறியது என்று கேட்டால் போதும். உணர்ச்சியின் பெயரை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பிள்ளை சுரத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

தாளத்துக்குக் கை இருக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று போடக் கற்றுவிட்ட பிள்ளைக்கு, பாட்டு எங்கே எடுக்கிறது என்பதே ஒரு விளையாட்டாகிவிடுகிறது. தாளம் விழுந்து அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கும் கீர்த்தனை ஒன்றை ஒலிக்கவிட்டபோது, "அவங்க லேட்டா வந்துட்டாங்க" என்று ஒரு பையன் சிரித்தான். பாட்டு எடுக்கும் இடத்தைக் குறிக்கும் எடுப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சொன்னேன்.

பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது வேறு: இதைக் கேட்டால் பிள்ளையின் மூளை வளருமா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1993-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரையில் போய் நிற்கிறது. மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், வடிவங்களை மனத்தால் மடித்து விரிக்கும் வகைப் புதிர்களில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது என்பது அதன் முடிவு. கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்லர். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. ஆயினும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க நிதி கேட்கும் அளவுக்கு அது ஊதிப் பெருகிவிட்டது. மதிப்பெண்ணுக்காக ஒலிக்கவிடப்படும் இசை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் அதைக் கேட்கமாட்டார்கள்.

மேற்கத்திய இசையில் குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்டவை உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் 1936-இல் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியத்தைத் தந்தது: பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன் என்னும் கொம்பு வாத்தியங்கள். வாத்திய ஒலிகளை இனம் பிரிக்க இதைவிட இனிய வழி இல்லை. ஆனால் கதை ஒரு கைப்பிடிச் சுவர்தான். சில முறை கேட்டபின் கதைசொல்லும் குரல் இல்லாமல் கேட்கவைக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை ஓநாய்க்காகக் காத்திருக்குமே தவிர இசையைக் கேட்காது. நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் 1958 முதல் 1972 வரை அமெரிக்க இசை நடத்துநர் லெனார்டு பெர்ன்ஸ்டைன் சிறுவர்களுக்காக நடத்திய கச்சேரிகளில் முதலாவதே, இசையின் பொருள் கதையில் இல்லை, சுரங்களிலேயே இருக்கிறது என்று வாதிட்டது. நம் சாகித்தியங்களுக்கும், அதாவது பாட்டின் சொற்களுக்கும், இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். சொல்லின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் முதல் நாளே வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் அதிகம் தேவையில்லை. நான்கைந்து வயதில் மூன்று நிமிடம் தாராளம். தினம் ஒரு புதுப் பாட்டைவிட, ஒரே பாட்டை ஒரு வாரம் கேட்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடச் சொல்லலாம். இன்று வயலின் மட்டும், நாளை மிருதங்கத்தில் இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' மட்டும். பெரியவரும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் கடினமான நிபந்தனை. கட்டணம் கட்டி அனுப்பினால் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு தாயார் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவரையும் அவன் அருகில் உட்காரச் சொன்னேன். மிருதங்கம் எந்த வரியில் நின்றது என்று கேட்டபோது மகன் சொல்லிவிட்டான், அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அவர் சொல்லாமலே வந்து உட்கார்ந்தார்.

இசை வகுப்புகள் பற்றித் தங்கள் நாளிதழ் மீண்டும் எழுதும்போது, அங்கே பிள்ளைகள் எத்தனை நிமிடம் பாடாமல் கேட்கிறார்கள் என்ற கேள்வியையும் ஆசிரியர்களிடம் கேட்டு எழுதுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியை