தடுப்பூசி மட்டும் போதாது, வாசலில் வந்து நிற்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எபோலா பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தடுப்பூசி வந்த கதையைக் கட்டுரையாளர் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், "இனி எபோலாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை" என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுகாதார ஆய்வாளராக முப்பத்தோரு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் எபோலா வெடித்தபோது தடுப்பூசி கையில் இருந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். அப்படியும் 3,470 பேரைப் பிடித்து, 2,287 பேரைக் கொன்ற பிறகுதான் அது ஓய்ந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2022 செப்டம்பரில் உகாண்டாவில் பரவியது எபோலாவின் இன்னொரு வகையான சூடான் வைரஸ். அந்தத் தடுப்பூசி இந்த வகைக்குப் பயன்படாது. வேறு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசியும் கிடையாது. அங்கே நோய் உறுதியானவர்கள் 142 பேர், அவர்களில் இறந்தவர்கள் 55 பேர். நான்கு மாதங்களுக்குள், 2023 ஜனவரி 11 அன்று, முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

தடுப்பூசியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அது இல்லாவிட்டால் காங்கோவில் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள். ஆனால் ஊசி போட வருகிறவரை நம்பிக் கதவைத் திறக்க வேண்டுமே. கிழக்குக் காங்கோ பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களிடம் சிக்கித் தவிக்கும் நிலம். எபோலா பரவிய அதே காலத்தில் அந்த நாட்டில் தட்டம்மைக்கு 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வெட்டுப்பட்டுச் செத்தபோதும், தட்டம்மையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தபோதும் எட்டிப் பார்க்காதவர்கள், எபோலா என்றதும் வண்டி வண்டியாக வந்து இறங்கினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? 2019 ஏப்ரலில் புட்டெம்போ மருத்துவமனைக்குள் புகுந்து, உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவர் ரிச்சர்ட் மூசோகோவைச் சுட்டுக் கொன்றார்கள். அவரைக் கொன்றதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்த மக்களின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

இப்போது நைஜீரியாவின் லாகோஸ் நகரம். 2014 ஜூலை 20 அன்று லைபீரிய அதிகாரி ஒருவர் அந்த நகரத்து விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் மலேரியா என்றார்கள். மறுநாள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்த டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ அவர் முன்னால் நின்று, லைபீரியாவிலிருந்து வந்தவராயிற்றே என்று யோசித்தார். எபோலாவாக இருக்கும் என்று சந்தேகித்து ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். நோயாளியோ மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். அவரை விடும்படி லைபீரிய அதிகாரிகளும் நெருக்கினார்கள். அந்த அம்மையார் அசையவில்லை. அதுவரை ஒரு எபோலா நோயாளியைக்கூடப் பார்த்தறியாத நாட்டின் மருத்துவர் அவர். அந்த நோயே தொற்றி ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். இதை எழுதும்போதுகூட எனக்குக் கண் கலங்குகிறது.

அவர் அந்த நோயாளியை வெளியே விடாமல் வைத்திருந்த நாட்களில்தான் மற்றவர்கள் ஓடி வேலை செய்தார்கள். நைஜீரியாவில் போலியோ ஒழிப்புக்கென்று ஓர் அவசரச் செயல்பாட்டு மையம் முன்பே இருந்தது. அதன் ஆட்களையும் முறைகளையும் அப்படியே எபோலாவுக்குத் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று 894 பேரைப் பட்டியலிட்டார்கள். அவர்களைத் தேடி ஏறத்தாழ 18,500 தடவை நேரில் போனார்கள். அத்தனை பெரிய நகரத்தில் நோய் புகுந்தும், நாடு முழுவதும் 20 பேரோடு நின்றது. இறந்தவர்கள் 8 பேர்.

இந்த 18,500 என்ற எண்ணில்தான் என் மனம் நிற்கிறது. போலியோ சொட்டு மருந்துக்காக நாங்கள் போனபோது, வேலை முடிந்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறி போடுவோம். விட்டுப்போன வீட்டுக்கு வேறு குறி. மறுநாள் அந்த வீட்டுக்குத் திரும்பவும் போக வேண்டும். எபோலாவில் ஒரே வீட்டுக்கு இருபத்தோரு நாள் போக வேண்டும். இந்த நோய் காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, பேதி போன்றவை பட்டால்தான் ஒட்டும். உடம்பில் நோய் தெரியும் முன்னால் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. அதனால் தினமும் வாசலில் எட்டி நின்று காய்ச்சல் பார்த்து, காய்ச்சல் கண்ட அன்றே அழைத்துப் போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடும். சொல்ல எளிது. பத்தாம் நாள் அந்த வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள். 'இவர்கள் வந்து போவதால் எங்களிடம் யாரும் சாமான் வாங்குவதில்லை' என்பார்கள். அப்போது அவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்து, நாலு வார்த்தை இதமாகப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவரை நோய் வந்த பிறகு ஒரு வாரத்தில் பயிற்சி கொடுத்து உருவாக்க முடியாது. அவர் அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சாவு வீட்டிலும் இதே கதைதான். எபோலாவில் இறந்தவரின் உடல்தான் மிகவும் ஆபத்தானது. 2014இல் சியரா லியோனில் நாட்டு வைத்தியம் பார்த்த ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்தது. அந்த ஒரு சடங்கோடு 365 இறப்புகள் வரை தொடர்பு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு சொன்னது. உடனே தடை, பிணத்தைப் பறித்துக்கொண்டு போவது, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் எல்லா உடல்களையும் எரிப்பது என்று இறங்கினார்கள். சனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், இரவில் புதைத்தார்கள். நம் வீட்டில் ஒருவர் போனால், குளிப்பாட்டாமல், கோடி உடுத்தாமல், முகம்கூடப் பார்க்காமல் அனுப்பச் சம்மதிப்போமா? அந்த ஆண்டு நவம்பரில்தான், குடும்பத்தார் எட்ட நின்று பார்க்கவும், இமாமோ பாதிரியாரோ தொழுகை, ஜெபம் நடத்தவும் இடம் கொடுத்து, பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்துக்கு விதிமுறை வகுத்தார்கள். அந்தப் பரவல் தொடங்கிய கினியாவில் நோய் உறுதியாகி எட்டு மாதம் ஆன பிறகு! முதல் மாதமே அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மருத்துவமனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1976இல் இந்த நோய் முதன்முதலில் அறியப்பட்ட, காங்கோவின் 'யாம்புக்கு' என்ற ஊரின் மிஷன் மருத்துவமனையில், காலையில் ஐந்து சிரிஞ்சுகளை எடுத்துக் கொடுப்பார்கள். அன்று வரும் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் அந்த ஐந்துதான். ஒருவருக்குப் போட்டு, வெந்நீரில் அலசி, அடுத்தவருக்கு. அங்கே பணியாற்றிய பதினேழு பேரில் பதினோரு பேர் இறந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை 11,300 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவப் பணியாளர்கள். 2025 ஆகஸ்டில் காங்கோவின் புலாப்பே மருத்துவமனைக்கு ஒரு கர்ப்பிணி வந்து சேர்ந்தார். அவரும் இறந்தார், அங்கே இருந்த பணியாளர்களும் நோய் பிடித்து இறந்தார்கள். எபோலா என்று அறிவித்தது செப்டம்பர் 4 அன்று. ஐம்பது ஆண்டுக் காலம் ஆகப்போகிறது, முதல் நோயாளியைத் தொடுகிற நர்ஸ் இன்னும் அதே நிலையில்தான் இருக்கிறார். கவச உடையும் பணமும் விமானத்தில் வந்து இறங்கும்போது அவர் படுக்கையில் விழுந்திருப்பார்.

ஆகவே தாங்கள் இந்தப் பொருளை மறுபடியும் எடுத்து எழுத வேண்டும் என்று வேண்டுகிறேன். தடுப்பூசி நிறுவனங்களின் செய்தி தானாகவே வந்து சேரும். உகாண்டாவின் கிராம சுகாதாரக் குழுக்களில் வீடு வீடாக நடக்கிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், நோய் இல்லாத ஆண்டுகளில் அவர்கள் கையில் கையுறை இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். கட்டுரையின் அந்தக் கடைசி வரியையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
தேனி மாவட்டம்.