ஈசிஜி சரி, எங்கள் பயத்தை யார் கேட்பது?

வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், வீடு வீடாக வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

கிளினிக் நாளில் நிறை பார்க்கிறீர்கள், பிரஷர் பார்க்கிறீர்கள், சலம் சோதிக்கிறீர்கள். இரும்புக் குளிசை தந்து அனுப்புகிறீர்கள். குறை சொல்ல வரவில்லை. மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்து ஒழுங்கைகளில் வெயிலுக்குள் ஸ்கூட்டி ஓடிவரும் மிஸ்மாரின் பாடு எங்களுக்குத் தெரியும். கேட்பது ஒன்றுதான். வயிற்றுப்பிள்ளையின் துடிப்பைப் பார்க்கிற அதே நாளில் தாயின் பயத்தையும் கேளுங்கள். அதையும் கர்ப்பிணிக் கொப்பியில் எழுதுங்கள்.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரவில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு எட்டாது. விரல் நுனியும் உதட்டோரமும் விறைக்கும். செத்துப்போகப்போகிறேன், பிள்ளையும் போகப்போகுது என்றே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். அடுத்தது எப்போது வரும் என்ற பதகளிப்பு மட்டும் அடங்காது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் பூசிய ஜெல்லைத் துடைக்க முன்னமே, “ஒண்டுமில்லை அம்மா, யோசியாமல் இரும்” என்று அனுப்பிவிட்டார்கள். மாமியோ, செக்கலுக்குள் கிணத்தடிக்குப் போனதால் வந்தது என்று கோயிலில் நூல் கட்டுவித்தார். (மாமியில் எனக்குக் கோபமில்லை. அவராவது ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.)

சோதிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரத்தக் குறைவு, தைரொயிட், இதய வருத்தம் எல்லாம் இதே படபடப்பைத் தரும். மயக்கம் வந்தால், மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ விடாமல் நின்றால் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் எல்லாம் சரியாக வந்த பிறகு, “இது பதகளிப்பு, வந்து போகும், இதுக்கு வைத்தியம் இருக்கு” என்று சொல்லுங்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சை இழுத்துத் தள்ளுவதால்தான் விரல் விறைக்கிறது, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இளகும் என்று யாராவது சொல்லியிருந்தால் என் பாதிப் பயம் அங்கேயே போயிருக்கும். ஏற்கெனவே மனநலக் குளிசை எடுப்பவர்கள், பிள்ளைக்குக் கூடாது என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த முன்னம் டொக்டரோடு கதைக்கச் சொல்லுங்கள்.

உலகில் நூறு கர்ப்பிணிகளில் பத்துப் பேரளவில் ஏதோவொரு மனநலப் பாதிப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளர்முக நாடுகளில் 15.6 வீதம். வன்னியில் இதை வேறு கண்ணாலும் பார்க்க வேண்டும். 2009இல், போர் நடந்தபோது, பத்து வயதில் பங்கருக்குள் கிடந்த பிள்ளைகள்தான் இன்று உங்கள் வாங்கில் கொப்பியோடு இருக்கிறார்கள். அந்த ஆண்டு புதுக்குடியிருப்பு வைத்தியசாலையிலேயே செல் விழுந்தது. அதைக் கண்ட ஒருத்திக்கு வார்ட் கட்டிலில் படுப்பதே நெஞ்சை அடைக்கும். அதற்குமேல் நுண்கடன் தவணை, காணாமல்போன தகப்பன், கட்டாரில் நிற்கும் புருஷன்.

இரண்டு கேள்வி போதும். போன இரண்டு கிழமைக்குள் பதட்டமாக, நிலைகொள்ளாமல் இருந்ததா? கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் போனதா? மாமியையும் புருஷனையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், பக்கத்து வாங்குக்குக் கேட்காத குரலில். “ஓம்” என்று சொன்னால் அடுத்து எங்கே அனுப்புவது என்பதை முன்னமே முடிவுசெய்து வையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொப்பி மட்டையில் எழுதிவிடுங்கள்.

முடிந்தால் மனநல டொக்டரையும் கர்ப்பிணி கிளினிக் நாளிலேயே, அதே கட்டிடத்தில் இருக்கச் செய்யுங்கள். வேறு நாளில் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். “விசர் கிளினிக்குக்குப் போறாள்” என்ற கதை அவள் பஸ்ஸால் இறங்க முன்னமே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து ஒரு தாய்