தொலைந்த பேனாக்கத்தியைப் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அந்தச் செய்தியைச் சட்டென்று முடித்துவிட்டு, கத்தி தொலைந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அதிலிருந்தே உனக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். "இந்த வயதில் ஒரு பேனாக்கத்திக்காக இப்படி ஆகிவிட்டேனே" என்று வெட்கப்பட்டிருக்கிறாய். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கத்தியை நானும் கையில் பிடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வீட்டில் "வேறொன்று வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றார்களாம். அவர்கள் மேல் வருத்தப்படாதே. அவர்கள் மனதில் இருப்பது கடையில் கிடைக்கும் கத்தி. உன்னுடையதைப் போன்ற ஒபினெல் 8ஆம் எண், அந்தப் பிரெஞ்சு மடக்குக்கத்தி, இன்றும் அப்படியேதான் வருகிறது. அதே பீச் மரப் பிடி, அதே 8.5 சென்டிமீட்டர் அலகு, 1955இல் மார்செல் ஒபினெல் சேர்த்த அதே பூட்டு வளையம். ஆனால் நீ தொலைத்தது அதை அல்ல. கடையிலிருந்து வந்த நாளில் அந்தக் கத்தி பளபளவென்று, யாருடையதாகவும் இல்லாமல் இருந்திருக்கும். நான் பார்த்தபோது அதன் அலகு கருஞ்சாம்பல் நிறத்தில், ஓரங்களில் நீலம் ஓடிக் கிடந்தது. உன்னுடையது துருப்பிடிக்காத எஃகு அல்ல, ஏறக்குறைய 0.9 சதவீதம் கரிமம் கலந்த பழைய வகை. பழத்தின் புளிப்பு படப்பட அதன் மேல் கறுப்புப் படலம் ஒன்று கட்டும். அந்தப் படலம்தான் பிறகு செந்துரு ஏறாமல் ஓரளவு காக்கும். எந்தப் பழத்தை எப்போது நறுக்கினாய், எத்தனை முறை துடைக்காமல் வைத்தாய் என்பதெல்லாம் சேர்ந்து வரைந்த கோலம் அது. இன்னொரு கத்தியில் அதே கோலம் விழவே விழாது.

அலகு தேய்ந்திருந்ததும் நினைவிருக்கிறது. புதிய 8ஆம் எண்ணின் அலகு நடுவில் நல்ல அகலம். உன்னுடையது வருடக்கணக்கில் கல்லில் தீட்டப்பட்டு ஒடுங்கி, முனை கொஞ்சம் மேல்நோக்கி ஏறியிருந்தது. நீ எப்போதும் வலப்பக்கத்தை ஒரு இழுப்பு கூடுதலாகத் தீட்டுவாய். அதனால் கூர்விளிம்பே லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நான் அதை வாங்கிக் காகிதம் கிழித்தபோது வெட்டு இடப்பக்கமாகப் போனது. உன் கையில் மட்டும் நேராகப் போனது. தொழிற்சாலை பாதிதான் செய்து அனுப்பியது நண்பா, மீதியைச் செய்தவன் நீ. அதற்கு மாற்று கடையில் எங்கே கிடைக்கும்?

உன் கடிதத்தைப் படித்த பிறகு பழைய வாசிப்புகள் சில நினைவுக்கு வந்தன. ஒரு மனிதனின் 'நான்' உடலோடும் மனதோடும் நின்றுவிடுவதில்லை, அவன் 'என்னுடையது' என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்ததுதான் அது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். உடைமை போகும்போது நாமே சுருங்கிப்போனதாகத் தோன்றுவது அதனால்தான் என்பது அவர் எண்ணம். ஜோசப் ஒபினெல் பிரான்சின் சவோய் மலைநாட்டில் தன் கத்தியை வடிவமைத்ததும் அதே 1890தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் இப்போது எனக்கு அவை சேர்ந்தே நினைவில் நிற்கின்றன.

இன்னொன்று, கானமன், நெட்ச், தாலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட குவளைச் சோதனை. மாணவர்களில் சிலருக்குக் குவளை கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். கையில் குவளை இருந்தவர்கள் ஏறத்தாழ இருமடங்கு கேட்டார்கள். இதைச் சொல்லி 'எல்லாம் மனப்பிரமை' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அந்த மாணவர்களுக்குக் குவளை கிடைத்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கே மதிப்பு இரட்டிக்கிறது என்றால், பாதி ஆயுள் உன் வலப்பையில் கிடந்த கத்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் அப்பாவின் கத்தி போன கதை உனக்குத் தெரியும். பரிசல் சாய்ந்தபோது ஆற்றோடு போயிற்று. அப்போது எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. ஒரு தாளை எடுத்து, மடித்த நிலையிலும் விரித்த நிலையிலும் அந்தக் கத்தியை அதன் உண்மையான அளவிலேயே வரைந்தேன். பிடியில் இருந்த விரிசல், அலகின் அடியில் இருந்த பள்ளம், ஆணியைச் சுற்றியிருந்த கறை எல்லாவற்றையும் குறித்தேன். வரைய வரையத்தான் எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று விளங்கியது. முடித்தபோது அழுகை வந்தது. அதன்பின் இரவில் அதை நினைத்து விழிப்பது நின்றது. நீயும் அதைச் செய்து பார். நாள் கடத்தாதே. கைக்கு இருக்கும் நினைவு கண்ணுக்கு இருப்பதைவிடத் துல்லியம், ஆனால் வேறொரு கத்தியைப் பிடிக்கத் தொடங்கினால் அது சீக்கிரம் கலைந்துவிடும்.

தேடுவதை அதற்குள் விட்டுவிடவும் வேண்டாம். பேனாக்கத்தி பெரும்பாலும் நாம் தாழ்வாக உட்காரும்போதுதான் பையிலிருந்து நழுவுகிறது. சோபாவின் இடுக்கு, கார் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே, இருக்கை நகரும் தண்டவாளத்தின் அடி, பயணப்பையின் கிழிந்த உட்துணி, இவற்றில் கண்ணால் பார்த்தால் போதாது, கையை விட்டுத் துழாவு. கடைசியாகப் பழம் நறுக்கினாய் அல்லவா? தோலைச் சுருட்டிய செய்தித்தாளோடு சேர்ந்து குப்பைக்கோ உரக்குழிக்கோ போயிருக்கலாம். இப்படித் தொலைந்த கத்திகள் நிறைய. நீங்கள் உட்கார்ந்த புல்வெளிக்கு இருட்டிய பிறகு ஒருமுறை போ. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் பூட்டு வளையம் மின்னும், பகலில் தெரியாதது அப்போது தெரியும். உலோகம் கண்டறியும் கருவி யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கு. ஆழமாகப் புதையாத எஃகு அலகு எளிய கருவிக்கும் அகப்படும்.

கிடைத்துவிட்டால் உடனே திறக்க மல்லுக்கட்டாதே. ஈரம் குடித்த மரம் உப்பி அலகை இறுகப் பிடித்திருக்கும். வெயிலில் போட்டால் பிடி வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், மெல்ல உலரவிடு. பிறகு வளையத்தைத் திருப்பி விடுவித்து, பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டு, அலகு தானாகத் தலைகாட்டும். சவோய்க்காரர்கள் செய்வது அப்படித்தான். மேலோட்டமான துருவை நுண்ணிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாலே போய்விடும். குழி விழுந்திருந்தால் விழுந்ததுதான். அதுவும் இனி உன் கத்தியின் அடையாளம்.

யாரோ எடுத்துப்போய் மழுங்கவிட்டு மேசை இழுப்பறையில் போட்டிருப்பார்கள் என்ற எண்ணம்தான் உன்னை அதிகம் வாட்டுகிறது என்று எழுதியிருந்தாய். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். மண்ணில் கிடந்து துருவாகிப் போவதைவிட ஒரு மேசை இழுப்பறை எவ்வளவோ மேல். எடுத்தவருக்கு அது யாருடையது என்று தெரியாது. ஆனால் அவ்வளவு தேய்ந்த அலகைப் பார்க்கும் எவரும் யாரோ இதை நன்றாக வைத்திருந்தார் என்று அறிவார். கத்தியைப் பற்றி ஓரளவு தெரிந்த கை என்றால் இந்நேரம் அது கல்லில் ஏறியிருக்கும். அவர் வலப்பக்கம் சாய்த்துத் தீட்டாமல் நேராகவே தீட்டுவார், சில மாதங்களில் அந்தச் சாய்வு மறைந்து அது அவருடைய கத்தியாகும். இதை நினைக்க எனக்கும் கொஞ்சம் நோகிறது. இருந்தாலும் கருவிக்கு அதைவிட நல்ல கதி எது என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிது வாங்குவதைப் பற்றிக் கேட்டாய். வாங்கு. பையைக் காலியாக வைத்திருப்பது துக்கம் காப்பது போலத் தோன்றும், ஆனால் நூல் அறுக்கவும் கடித உறை பிரிக்கவும் கை பைக்குள் போய் வெறுமையாகத் திரும்பும்போதெல்லாம் காயம் திறந்துகொள்ளும். ஆனால் அதே 8ஆம் எண் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தினமும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பாய். புதியது எதுவும் செய்யாமலே குற்றவாளி ஆகும். ஒபினெல்லே வேண்டும் என்றால் 7ஆம் எண்ணை எடு, 8 சென்டிமீட்டர் அலகு, கையில் வேறு மாதிரி உட்காரும். அல்லது திறக்கும் முறையே வேறான ஒன்றைப் பார். என்னிடம் இருப்பது 91 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ், சுவிஸ் மடக்குக்கத்தி. கத்தரியும் திருகுளியும் சேர்ந்தது, நகக்குழியில் நகம் மாட்டி இழுத்துத் திறக்க வேண்டும். அதன் எஃகு துருப்பிடிக்காது, ஆகவே உன்னுடையதைப் போல நிறம் மாறி அழகாகாது. ஆனால் பக்கத்தகடு, பல்குச்சி, இடுக்கி எல்லாவற்றையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எதுவானாலும் முதல் நாளே தொழிற்சாலைக் கூரோடு நிறுத்திவிடாமல் நீயே ஒருமுறை கல்லில் ஏற்று. பக்கத்துக்கு 20 பாகை போதும் என்பார்கள். உனக்கு அந்த எண்ணெல்லாம் தேவையில்லை, மணிக்கட்டுக்கே தெரியும். பழைய கத்தி ஒடுங்கியபோது உன் கையில் சேர்ந்த பழக்கம் அது. புல்வெளியில் நழுவியது கத்தி மட்டும்தான்.

என் பக்கச் செய்திகள் அதிகமில்லை. இடக்கண்ணுக்குப் புரை அறுவை முடிந்தது, நீலம் இவ்வளவு நீலமா என்று வியந்துகொண்டிருக்கிறேன். வலக்கட்டைவிரல் மூட்டு வலி அப்படியே இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் என் கத்தியைத் திறக்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் அதை வைத்திருக்க முடியுமா என்ற யோசனை வராமலில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து அதைக் கொஞ்சம் அடிக்கடியே எடுத்துத் துடைக்கிறேன்.

படத்தை வரைந்து முடித்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. அலகின் முனை எந்த இடத்திலிருந்து மேலேறத் தொடங்கியது என்பதில் என் நினைவும் உன் நினைவும் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும். வளையத்துக்குக் கீழே பிடியில் ஒரு தீக்காயம் இருந்ததாக எனக்கு ஞாபகம். அது எப்படி வந்தது என்று நீ ஒருபோதும் சொன்னதில்லை, இந்த முறை அதையும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்