புகையும் மீன்கூடையும்

அன்புள்ள பெரியவனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நேற்று ராத்திரி சாமி அறைக்குப் பக்கத்தில் ஒழுக ஆரம்பித்ததும் அம்மா அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். அரைமணி நேரத்தில் இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் சொட்ட, குண்டானைத் தேடினாள். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன வருஷம் ஜப்பானில், ஒசாகா பக்கத்துச் சகாய் ஊருக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, அந்தக் காலத்து நிந்தொகு சக்கரவர்த்தியின் சமாதி, அது ஞாபகம் வந்தது.

மொசு ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். 486 மீட்டர் நீளம், சுற்றி மூன்று அகழி, ஒரு சுற்று வர கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் என்று நீ சொல்லியும் எனக்கு அது ஒரு காடாகத்தான் தெரிந்தது. உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை. வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய இடத்தில் நின்று, வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கும்பிட்டோம். பக்கத்து அகழியில் ஓர் ஆமை கல் மேல் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மொசு என்றால் கீச்சான் குருவி என்றாய். சமாதி வேலை தொடங்கிய அன்று ஒரு மான் ஓடிவந்து செத்து விழுந்ததாம், அதன் காதிலிருந்து அந்தக் குருவி பறந்ததாம்.

அங்கே அந்த வழிகாட்டிப் பெரியவர் சொன்னதையும் நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். ராஜா உயரமான இடத்தில் ஏறிப் பார்க்கிறார். எந்த வீட்டிலும் அடுப்புப் புகை எழவில்லை. உலையில் போட ஜனங்களிடம் எதுவும் இல்லை என்று புரிந்துகொண்டு, வரியையும் கட்டாய வேலையையும் மூன்று வருஷத்துக்கு நிறுத்திவிடுகிறார். இவ்வளவுதான் அன்றைக்குக் கேட்டோம். ஊருக்கு வந்தபிறகு நூலகத்தில் தேடிப் பிடித்து மிச்சத்தையும் படித்தேன்.

இந்தக் கதைகள் இருப்பது ஜப்பானின் இரண்டு பழைய வரலாற்று நூல்களில். கோஜிகி 712ல் எழுதப்பட்டது, நிஹோன் ஷோகி 720ல். நிந்தொகு 16வது சக்கரவர்த்தி, 313 முதல் 399 வரை ஆண்டார் என்பது நிஹோன் ஷோகியின் கணக்கு. இந்தத் தேதிகளை ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சமாதி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதில் இருப்பது அவர்தானா என்பதும் கேள்வி. எனக்கு அது குறையாகப் படவில்லை. ராஜா என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதியவர்கள் ஆசைப்பட்டார்களோ, அதை அவர் மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

வரி நிறுத்திய அந்த மூன்று வருஷமும், நானிவாவில் (இன்றைய ஒசாகா) இருந்த தன் அரண்மனையை ராஜா பழுதுபார்க்கவில்லை. மழை ஒழுகும்போது பாத்திரம் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒழுகாத இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்களாம். ராத்திரி அண்டா சத்தம் கேட்டபோது இந்த வரிதான் எனக்குள் ஓடியது. அப்புறம் ஒருநாள் ஊரெல்லாம் புகை. "நான் பணக்காரனாகிவிட்டேன்" என்கிறார் ராஜா. ராணி இவானோஹிமே சும்மா விடவில்லை. மதில் இடிந்து கிடக்கிறது, கூரை ஒழுகிப் புடவை நனைகிறது, இதிலென்ன பணம் என்று கேட்கிறாள். ஜனங்கள் ஏழையானால் நான் ஏழை, அவர்களிடம் இருந்தால் எனக்கும் இருக்கிறது என்பது அவர் பதில். இன்னும் மூன்று வருஷம் கழித்துத்தான் வேலைக்குச் சம்மதிக்கிறார். கூப்பிடாமலே கிழவர்களும் பிள்ளைகளுமாக வந்து மண் சுமந்தார்களாம். அப்படிப்பட்டவருக்கென்று சொல்லப்படும் சமாதியைக் கட்ட, நாளுக்கு 2,000 பேர் வரை உழைத்தால் 15 வருஷம் 8 மாதம் ஆகியிருக்கும் என்று உங்கள் ஊர் கட்டுமானக் கம்பெனி ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. இது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மனசு சமாதானமாகவில்லை. அந்த ராணியும் பின்னால், தான் வெளியூர் போயிருந்தபோது அவர் வேறொருத்தியைக் கொண்டுவந்ததில் கோபித்துக்கொண்டு போனவள் திரும்பவே இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது அவர் பட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. நிந்தொகுவின் அப்பா, ஓஜின் சக்கரவர்த்தி, பட்டம் கட்ட நினைத்தது இளைய மகனுக்கு. அப்பா போனதும் இளையவன், "அண்ணன் இருக்கும்போது நான் எப்படி" என்று உஜி என்கிற ஊரில் போய் உட்கார்ந்துகொண்டான். அண்ணனோ, "அப்பா சொன்ன சொல் உனக்குத்தான்" என்று நானிவாவில் இருந்துவிட்டார். மூன்று வருஷம் சிம்மாசனம் காலி. ஒரு மீனவன் அரசருக்கென்று புதுமீன் கொண்டுபோகிறான். தம்பி, "நான் அரசன் இல்லை, நானிவாவுக்குக் கொண்டுபோ" என்கிறான். அண்ணன் திருப்பி அனுப்புகிறார். வழியிலேயே மீன் கெட்டுப்போகிறது. வேறு மீன் பிடித்துக்கொண்டு போனால் அதற்கும் இதே கதி. கடைசியில் மீனைக் கொட்டிவிட்டு அழுகிறான். அண்ணன் மனசு மாறாது என்று தெரிந்து தம்பி தன் உயிரையே விட்டுவிட்டான் என்று நிஹோன் ஷோகி சொல்கிறது. அண்ணன் ஓடிவந்து, தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, மேலே விழுந்து, மூன்று முறை "தம்பி" என்று கூப்பிட்டார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

வீட்டு விஷயம் கேட்டால், "சின்னவன் ஊரிலேயே இருக்கிறான், அவனே வைத்துக்கொள்ளட்டும்" என்கிறாய். அவனைக் கேட்டால், "அண்ணன் இருக்கும்போது நான் எப்படிப்பா" என்கிறான். நாலு வருஷம் ஆகிறது. சொத்துக்காக நீங்கள் அடித்துக்கொள்ளாதது நான் செய்த புண்ணியம், அம்மாவிடம் அடிக்கடி சொல்வேன். ஆனால் யார் வீடு என்று தெரியாததால் யாரும் அதில் கை வைக்கவில்லை. ஆசாரி பரண் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, இரண்டு கைமரம் உளுத்துப்போய்விட்டது, இன்னொரு மழை தாங்காது என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் நடக்கிறேனப்பா.

மழை விட்டு, தை பிறந்ததும் ஓடு பிரிக்கலாம் என்கிறார் ஆசாரி. அதற்குள் பத்திரம் யார் பேரில் என்று முடிவாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூப்பிடுகிறேன். இங்கே காலை எட்டு, உனக்குப் பதினொன்றரை. வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா