நீ காய்ச்சிய பசையும் நான் பார்த்த சிலுவையும்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பேத்திக்காகக் காய்ச்சிய மக்காச்சோள மாவுப் பசை மறுநாள் இறுகி, தண்ணீர் விட்டுக்கொண்டது, திரும்பச் சூடு பண்ணியும் தேறவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாயே, தப்பு உன் கையில் இல்லையடி.

போன வாரம் பழைய ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். உருளைக்கிழங்கை நறுக்கிய கத்தியில் படிந்த பாலை ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, நுண்ணோக்கியில் முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியில், பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் முட்டை வடிவ மாவுச்சத்து மணிகள் பளபளத்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்புச் சிலுவை! உள்ளே மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதற்கு அதுதான் சாட்சி. கண்ணாடித் தகட்டை மெல்லச் சூடாக்கினேன். 60 டிகிரியைத் தாண்டியதும் சிலுவை கரைந்துபோனது, மணி உப்பியது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸ்தான். மரக்கட்டையின் செல்லுலோஸும் குளுக்கோஸ்தான். கோத்திருக்கும் விதம்தான் வேறு. மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாமல் நீண்டு போகும். சாதாரண மாவுகளில் இது 20 முதல் 30 சதவீதம். மீதி அமைலோபெக்டின், ஒரே கிளைமயம். அதன் கிளைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு படிக அடுக்காகின்றன. படிக அடுக்கு ஒன்று, தளர்ந்த அடுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும். இரண்டும் சேர்ந்தே சுமார் 9 நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இந்தக் கட்டுக்கோப்பால்தான் பச்சை மாவு குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் தங்குகிறது.

காய்ச்சும்போது இந்தக் கட்டு குலைந்து, அமைலோஸ் வெளியே கசிகிறது. ஆறியதும் அந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் பிணைந்துகொள்கின்றன. பழைய மணியாக அல்ல, புதிதாக ஒரு வலையாக. வலை இறுக இறுக நடுவிலிருக்கும் தண்ணீர் பிழிபட்டு வெளியே வருகிறது. நீ பார்த்தது அதைத்தான். இப்படிச் சேர்ந்த அமைலோஸ் படிகம் உருக 100 டிகிரிக்கு மேல் நன்றாகவே சூடு வேண்டும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் அவ்வளவு சூடாகாது. காய்ந்த ரொட்டி மட்டும் சூடு காட்டினால் இளகுகிறதே என்று கேட்பாய். ரொட்டி நாள்போக்கில் இறுகுவது பெரும்பாலும் அமைலோபெக்டினால். அந்தப் படிகம் 60 டிகிரி வாக்கில் உருகிவிடும். ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதே. அந்தக் குளிரில்தான் அது சீக்கிரம் இறுகும்.

அடுத்த முறை அமைலோஸ் அநேகமாக இல்லாத ‘மெழுகு மக்காச்சோளம்’ என்ற ரகத்தின் மாவு கிடைத்தால் வாங்கிக் காய்ச்சு. பசை தெளிவாக இருக்கும், தண்ணீர் விடாது. கிடைக்காவிட்டால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்.

லீவுக்குப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. அந்தச் சிலுவையை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கோமதி