டவாலி மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

உங்கள் முழங்கால் மட்டும் சம்மதித்திருந்தால் ஓசூருக்கே வந்து உங்களைக் கையோடு அழைத்துப் போயிருப்பேன். கோட்டைப் பக்கம் நீங்கள் டவாலியாக, வாசலில் நின்று பெயர் கூப்பிடும் சேவகராக, இருந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். அதற்கு முன்பு போன ஞாயிற்றுக்கிழமை விருப்பப்பட்டவர்களை உள்ளே விட்டார்கள்.

வாசலுக்கு மேல் வெள்ளை உதிர்ந்த இடத்தில் ‘சப் மாஜிஸ்திரேட்’ என்ற பழைய எழுத்து எட்டிப் பார்க்கிறது. 1974 ஏப்ரலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்து அந்தப் பதவிப் பெயர் போன பிறகும் நீங்கள் அந்தப் பெயரைத்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்!

சுற்றிக் காட்டிய தம்பி நன்றாகப் பேசினார், கொஞ்சம் அதிகமாகவே. 1882 சேலம் கலவர வழக்கில், பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியார் நின்றது இந்தக் கூண்டில்தான் என்றார். அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது செஷன்ஸ் கோர்ட், இந்த மாஜிஸ்திரேட் கோர்ட் இல்லை. விடுதலை செய்தது மெட்ராஸ் ஹைகோர்ட். அதுகூடப் போகட்டும், கூண்டின் அடிப்பலகை பிளைவுட், மாமா.

கூரைத் தளம்தான் அழகு. தேக்கு உத்தரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் தளம். ஒரே ஒரு மூலையில் ஒழுகியிருக்கிறது. எப்போதோ சிமெண்ட் பூசிய மூலை அது. சுண்ணாம்பு, குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைத்துக் காரையை உதிர்க்கும். இம்முறை கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த சுண்ணாம்புதான் என்றார் பொறியாளர். பின்கட்டில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கேட்டேன். “அது கழிப்பறைக்கு” என்றார். நம்பிவைத்திருக்கிறேன்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். நீங்கள் நின்று பெயர் கூப்பிடும் வாசலின் இடப்பக்க நிலையில், தோள் உயரத்தில், பென்சில் கோடுகள். மூன்று மூன்றாக, வரிசை வரிசையாக. சில இடங்களில் ஒரு கோட்டோடு நின்றிருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் வாரண்ட் என்று சொல்வீர்களே, அந்தக் கணக்கா? ஒரு மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் ‘வந்தான்’ என்று இருக்கிறது.

அது உங்கள் எழுத்தா? நிலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அடுத்த வாரம் ஆசாரி வருகிறார். படம் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஆமாம் என்றால் அந்தக் கட்டையை விட்டுவிடச் சொல்கிறேன். இல்லை என்றாலும் சொல்லத்தான் போகிறேன். வந்தவன் யார் என்பது நினைவிருந்தால் ராத்திரி போன் செய்யுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மருமகன்