மறைத்து வைத்த என் கமெண்ட்டுக்கு மனிதர் யாராவது பதில் எழுதுங்கள்

நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியும். கம்ப்ளெயின்ட் எண்ணை மட்டும் நான்கு முறை இன்பாக்ஸில் போட்டிருக்கிறேன். வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது; உள்ளே தண்ணீர் இருப்பதால் கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் பிள்ளையின் பள்ளிச் சட்டை மிதக்கிறது. மூன்றாம் நாள் வாடை வர ஆரம்பித்தது. அன்று காலை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு கருத்துக்கணிப்பு: "துணியா, மனசா, எதை முதலில் துவைப்பீர்கள்?"

அதன் கீழே எழுதினேன். திட்டவில்லை, கதவைத் திறக்க வழி கேட்டேன், அவ்வளவுதான். என் போனில் அந்தக் கமெண்ட் பத்திரமாக இருந்தது. ஃபேஸ்புக்கில் எனக்கு நண்பராக இல்லாத ஒரு சக ஊழியர் தன் போனில் தேடினார்; காணோம். அப்புறம்தான் புரிந்தது. மறைத்த கமெண்ட், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரியும், ஊருக்குத் தெரியாது. நீக்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இது பேசுகிறவரைப் பேசவிட்டு மைக்கை மட்டும் அணைக்கிற வேலை.

மறைத்ததை வெளியே எடுங்கள், அதன் கீழேயே ஒரு மனிதர் பதில் எழுதட்டும். நான் கேட்பது இதைத்தான்.

வாட்ஸ்அப் கதை தனி. உங்களைப் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்மில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரை நிறுவனம் நினைத்ததை எழுதலாம். அது தாண்டினால் வாட்ஸ்அப்பிடம் முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், அதாவது அச்சடித்த மாதிரிச் செய்திதான். அந்த ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு 26-ஆவது மணி நேரத்தில் டெம்ப்ளேட் அனுப்பினீர்கள்: "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" எந்தச் சேவைக்கு?

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. நிறுவனப் பக்கங்களை நடத்த மெட்டா தரும் மெட்டா பிசினஸ் சூட்டில் பதிவுகளை முன்கூட்டியே அடுக்கி வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்பாக்ஸும் இருக்கிறது; ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் செய்திகளும் கமெண்ட்களும் அங்கே வந்து விழுகின்றன. அடுக்குவதற்கு ஆள் இருக்கிறது, படிப்பதற்கு இல்லை. மாத ரிப்போர்ட்டில் மட்டும் "என்கேஜ்மென்ட் கூடியது", அதாவது லைக்கும் கமெண்ட்டும் கூடின என்று படம் போட்டுக் காட்டுவீர்கள். கமெண்ட் என்றால் எல்லாம் ஒரே கணக்குதானே. அதில் பாதி எங்கள் வயிற்றெரிச்சல் என்று மேலிடத்துக்கு யார் சொல்வது? நாளைக்கு மெஷின் தீப்பிடித்தாலும் இதயக்குறியோடு "டிஎம் பண்ணுங்கள்" என்றுதான் வரும் போல.

சரி, கோபம் எல்லை தாண்டுகிறது, மன்னிக்கவும். உங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் பதில் போடுகிற தம்பி தங்கைகள் மீது எனக்கு வருத்தமில்லை. சர்வீஸ் பிரிவைக் கேட்டுப் பதில் சொல்லும் அதிகாரத்தை அவர்களுக்கு யாரும் தந்திருக்க மாட்டார்கள். அதைத் தாருங்கள். என் கமெண்ட்டை மறைவிலிருந்து எடுத்து, தயவுசெய்து அதன் கீழே ஒருவர் தன் பெயரைப் போட்டு, மெக்கானிக் எந்தத் தேதியில் வருவார் என்று எழுதட்டும். கம்ப்ளெயின்ட் எண் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பதினோரு நாளாகக் கையால் துவைக்கும் வாடிக்கையாளர்